பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்

எங்கள் ஊர் மூடுபனியை வானொலிக்காரன் மூன்று திட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறான். முதல் திட்டம் என்றால் பள்ளிப் பேருந்து இரண்டு மணி நேரம் தாமதம். இரண்டாவது என்றால் மூன்று மணி நேரம். மூன்றாவது என்றால் காலையில் பேருந்தே கிடையாது. காலை ஐந்தரைக்கு அவன் வாயிலிருந்து எந்த எண் விழும் என்று லோமா சேக்கா ஊர் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நவம்பர் பிறந்தால் பிப்ரவரி முடியும் மட்டும் இதே பாடுதான்.

பேருந்து தாமதமாக வரலாம். ஆரஞ்சு தரம் பிரிக்கும் கொட்டகை தாமதமாகத் திறக்குமா? ஆறு மணிக்கு அங்கே பெல்ட் ஓட ஆரம்பித்துவிடும். ஆறு ஐந்துக்கு வந்து நிற்கிறவளைப் பார்த்து, "நாளைக்கு வாம்மா" என்பார்கள். அம்மாக்காரி ஆறு மணிக்குக் கொட்டகையில், பேருந்து ஒன்பதரைக்கு வாசலில். நடுவில் பிள்ளையை எங்கே வைப்பது? பூட்டிவிட்டுத்தான் போவார்கள். அடுப்புப் பக்கம் போகாதே, யார் வந்தாலும் கதவைத் திறக்காதே, டிவி சத்தத்தைக் கூட்டாதே என்று சொல்லிவிட்டுப் போய், பெல்ட்டில் பழம் பார்க்கிறவளுக்குக் கண் பழத்தில் இருக்குமா?

டெல்பினா ஓச்சோவா அந்தக் கொட்டகையில் இருபத்தாறு வருடம் நின்றவள். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே சொத்தைப் பழத்தை எடுத்துப்போடுவாள். முழங்கால் இரண்டும் போன பிறகு, புருஷன் ரொஹேலியோவுக்குத் துணையாக வீட்டோடு இருந்தாள். முதல் வருடக் குளிர்காலத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோளக்கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். மறுநாள் நாலு. அந்த மாதக் கடைசியில் ஒன்பது. அப்படி ஆரம்பித்ததுதான். பதினான்கு வருடம் ஆயிற்று, பிள்ளைகளும் தாய்களும் அவளை மரியாதையாக டோன்யா என்பார்கள். மூடுபனித் திட்டம் அறிவித்ததும் வாசல் விளக்கைப் போடுவாள். மஞ்சள் விளக்கு. எரிந்தால் வீடு திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

யாரும் இறங்கி வந்து கதவைத் தட்டுவதில்லை. அந்தச் சாலையில் பனிக்குள் வண்டியை நிறுத்தினால் பின்னால் வருகிறவன் வந்து ஏறிவிடுவான். அதனால் வேலி ஓரம் கார் மெதுவாகும், கதவு திறக்கும், பிள்ளை குதிக்கும், கார் போய்விடும். பிள்ளைகளோடு ஒரு தட்டு முட்டையோ, ஒரு பை மாவோ, எலுமிச்சையோ வரும். யார் கொடுத்தது என்று டெல்பினா கேட்டதில்லை.

பெயரும் கேட்டதில்லை. நான் ஒருமுறை சொன்னேன், ஒரு நோட்டுப் போட்டு எழுதி வையேன் என்று.

"எழுதுனா பாதிப் பேரு வரமாட்டாங்க கொமாத்ரே," என்றாள். "பேரு ஒரு காகிதத்துல ஏறிச்சுன்னா அது குடியேற்ற ஆபீஸ் வரைக்கும் போகும்னு விசா இல்லாத அந்தப் பொம்பளைங்களுக்குப் பயம். எனக்கெதுக்கு பேரு? பசிச்ச வாயி, அவ்ளோதான்."

கொமாத்ரே என்றால் பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்ற உறவு. அவள் கடைசி மகளின் ஞானஸ்நானத்துக்கு நான் நின்றேன். அவள் மெக்சிகோக்காரி, நான் போர்த்துகீசியப் பால்பண்ணைக் குடும்பம். இரண்டு பாஷையிலும் இந்த ஒரு சொல் ஒன்றுதான், அதை வைத்துக்கொண்டே முப்பது வருடம் சண்டையும் போட்டிருக்கிறோம்.

நான் இனேஸ். பள்ளிச் சமையலறையில் பத்தொன்பது வருடமாகக் கரண்டி பிடிக்கிறேன். எங்கள் பள்ளி மாவட்டத்துக்கு மொத்தமே ஒரு பள்ளிக்கூடம். மாவட்ட மேலதிகாரியும் தலைமை ஆசிரியையும் கெஸ்லர் அம்மாள் ஒருத்திதான். மழை பெய்தால் ஒழுகும் இடத்தில் வாளி வைப்பதும் அவள்தான். சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் ஒரு மேசை உண்டு. வேண்டாத பாலை, தொடாத பழத்தைப் பிள்ளைகள் அதில் வைத்துவிடலாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சினதைக் குப்பையில் போட வேண்டும் என்பது சட்டம். வெள்ளிக்கிழமை மிஞ்சுகிறது டெல்பினா வீட்டுக்குப் போகும் என்பது என் சட்டம். கெஸ்லர் அம்மாளுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து அவளுக்குத் தொலைபேசி வந்துவிடும்.

எனக்கும் பிள்ளைகளின் பெயர் தெரியாது, உண்மையைச் சொல்ல என்ன வெட்கம். தட்டை வைத்துத்தான் தெரியும். பீன்ஸ் மேல் சோறு விழக் கூடாதென்பவன், இரண்டு ஆப்பிள் கேட்பவள். முதல் வகுப்பில் ஒரு சின்னவள், பாலைத் தினமும் அந்த மேசையில் கொண்டுபோய் நேராக அடுக்கி வைப்பவள். அவளை நான் பால்காரி என்பேன். அவள் சிரிக்க மாட்டாள், தலையை மட்டும் ஆட்டுவாள்.

*

ஜனவரி இரண்டாவது செவ்வாய்க்கிழமை. முதல் திட்டம் என்று வானொலி சொல்லியாயிற்று. நான் ஆறரைக்கே சமையலறைக்கு வந்துவிட்டேன், வீட்டிலிருந்து நூறடிதான். ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டினமாதிரி பனி. ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தொலைபேசி அடித்தது.

"கொமாத்ரே, விளக்கு."

"எந்த விளக்கு? எங்கேருந்து பேசுற?"

"ஆஸ்பத்திரி. ரொஹேலியோவுக்கு மூச்சு நின்னுபோற மாதிரி ஆயிடுச்சு. ஆம்புலன்ஸுக்கு முன்னால ஒருத்தன் டார்ச் வெச்சுக்கிட்டு நடந்தே வந்தான். என்னையும் ஏத்திக்கிட்டாங்க. உள்ள ஊசி போட்டுக்கிட்டு இருக்காங்க. அதில்லடி, விளக்கு. விளக்க அணைக்காம வந்துட்டேன்."

என் கையில் முட்டைத் தட்டு இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"நீ எத்தன மணிக்குக் கெளம்பின?"

"அஞ்சே முக்கால் இருக்கும். அதுக்கு முன்னால வந்த மூணு புள்ளைங்கள அவங்கவங்க கார்லயே திருப்பி அனுப்பிட்டேன். கதவப் பூட்டினேன். ஜன்னல் எல்லாம் பூட்டினேன். இந்தப் பாழாப்போன விளக்கு மட்டும்..." அவள் குரல் உடைந்தது. "ஆறு மணி வரைக்கும் வருவாங்களே. எரியுதுன்னு பாத்துட்டு எறக்கிவிட்டுட்டுப் போயிருப்பாங்களே."

"எத்தன பேரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? எப்பவாவது எண்ணிப் பாத்திருக்கேனா நான்?"

டெல்பினா வீட்டுக்குப் பின்னால் ஆரஞ்சுத் தோப்பு, தோப்பு முடிகிற இடத்தில் பாசனக் கால்வாய். இரண்டு பக்கமும் வழுக்குச் சிமெண்டுச் சரிவு. ஜனவரியில் தண்ணீர் குறைவு என்பார்கள். குறைவென்றால் ஆள் உயரம்.

பேருந்து ஓட்டும் வாண்டா பள்ளிப் பேருந்துக் கொட்டகையில் எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு இருந்தாள். ஓடினேன். அவள் வாயில் பாதி ரொட்டி.

"வாண்டா, உன் பிக்கப் வண்டிய எடு."

"ரோடு கண்ணுக்குத் தெரியல, நீ ஊர்வலம் போகணுங்கிறியா?"

"டெல்பினா வீட்டுல ஆள் இல்ல. புள்ளைங்க வெளிய நிக்குது."

ரொட்டியை அப்படியே ஜன்னல் வழியாக எறிந்தாள். வாண்டாவிடம் எனக்குப் பிடிக்காதது நூறு உண்டு, ஆனால் இந்த மாதிரி நேரத்தில் மறு கேள்வி கேட்க மாட்டாள். ஒன்றரை மைல் போவதற்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. நான் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி, சாலையின் வெள்ளைக் கோட்டைப் பார்த்து, "இடது, இடது, நேரே" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

முதலில் தெரிந்தது அந்த மஞ்சள் வெளிச்சம்தான். அதைப் பார்த்ததும் நெஞ்சுக்கு இதமாக இருந்தது. அந்த நிலைமையிலும் இருந்தது, அதுதான் கொடுமை.

கதவோரமாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் அவள் தம்பியும்; அவள் பெயர் யெசேனியா என்று பிறகுதான் தெரிந்தது. நாய்க்குப் போட்டிருந்த கம்பளத்தை எடுத்துத் தம்பியைச் சுற்றியிருந்தாள். நாய் அவள் மடியில் கிடந்தது.

"தட்டினோம்," என்றாள். "ரொம்ப நேரம் தட்டினோம். டோன்யா செத்துப்போயிட்டாங்களா?"

"வாயக் கழுவு. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. நீங்க ரெண்டு பேருதானா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இட்ஸெலும் வந்தா. நாங்க வந்தப்புறம் செவப்புக் கார்ல வந்து எறங்கினா."

"எந்த இட்ஸெல்?"

"முதல் வகுப்பு. பால் குடிக்க மாட்டாளே, அவ."

"அவ எங்கடி?"

"பஸ் கம்பத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கப் போறேன்னா. போகாதன்னு சொன்னேன். வாண்டா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்கன்னு போயிட்டா."

வாண்டாவின் முகம் சாம்பலாகிவிட்டது. ஒவ்வொரு அக்டோபரும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அவள் சொல்லும் பாடம் அது. பனியில் பஸ்ஸைத் தேடிக்கொண்டு வராதே, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நில், பஸ் உன்னைத் தேடிக்கொண்டு வரும்.

பேருந்து நிற்கும் கம்பம் இருநூறு அடி தள்ளி. போனோம், யாருமில்லை. திரும்புகிற வழியில், தோப்புக்குள் போகும் மண் பாதையின் முனையில் ஒரு கையுறை கிடந்தது, பச்சை நிறம், என் உள்ளங்கையில் பாதி. பனியில் வழி தவறிக் கம்பத்துக்குப் பதிலாகத் தோப்புக்குள் போயிருக்கிறாள்.

நான்தான் முதலில் கூப்பிட்டேன். இதை யார்மேலும் தள்ளிவிட முடியாது. என் முதல் கத்தலே தோப்பெல்லாம் எதிரொலித்தது.

"இட்ஸெல்! இட்ஸெல்!"

சொட்டுச் சொட்டாக இலையிலிருந்து தண்ணீர் விழும் சத்தம்தான் பதில்.

*

எட்டு மணிக்குள் ஊர் வந்துவிட்டது. எப்படி வந்ததென்று கேட்காதீர்கள். வாண்டா பள்ளிக்கு ஒரு போன் போட்டாள், கெஸ்லர் அம்மாள் நாலு பேருக்குப் போட்டாள், அவ்வளவுதான். பால்பண்ணைக்காரர்கள் ரப்பர் பூட்ஸோடு வந்தார்கள். பனி ஈரம் காயும்வரை பழம் பறிக்க முடியாதென்று சும்மா இருந்த தோப்பு ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். திராட்சைத் தோட்டத்து சர்தார் தன் டிராக்டர் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்து, கூடவே ஒரு கேன் நிறையத் தேநீரும் கொண்டுவந்தார். மூன்றாம் வகுப்பு ஆசிரியை இரவு உடுப்புக்கு மேல் கோட் போட்டிருந்தாள். நாற்பது பேர் இருக்கும். யாரும் யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை. கை கோத்து வரிசையாக நின்று, மர வரிசைக்கு ஓர் ஆளாக உள்ளே போனோம்.

கெஸ்லர் அம்மாள் விளையாட்டு விழாவுக்கு வைத்திருக்கும் கை மைக்கைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"நீ புடி இனேஸ். தெனமும் சாப்பாட்டு வரிசையில கத்துறியே, அந்தக் குரல்தான் புள்ளைங்களுக்குத் தெரியும்."

நான் பிடித்தேன். "இட்ஸெல்! கண்ணு! பயப்படாத, எங்க இருக்க சொல்லு!" அந்த மைக்கில் என் குரல் எனக்கே புரியவில்லை, தகரத்தைத் தேய்த்த மாதிரி வந்தது. நாற்பது பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். ஆண் குரல், பெண் குரல், நாலு பாஷை உச்சரிப்பில் அந்த ஒரு பெயர். டிராக்டர் ஹாரன், நாய்க் குரைப்பு. இத்தனை பேர் ஒரு பிள்ளைக்காக நிற்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தாய்க்காரியைப் பிடிப்பது பெரும் பாடாகிவிட்டது. பள்ளி ஏட்டில் இருந்த எண் வேலை செய்யவில்லை. அந்த முகவரியில் இருப்பது ஒரு டயர் கடை. யெசேனியாதான் சொன்னாள், நீலக் கூரைக் கொட்டகையில் வேலை என்று. கொட்டகையில் பெல்ட் ஓடும்போது போனைப் பெட்டியில் வாங்கி வைத்துவிடுவார்கள். மேஸ்திரியைப் பிடித்து, அவன் ஆளைத் தேடி, அவள் பெயர் நெரெய்தா என்று தெரியவே எட்டேகால்.

"ஷெரிப்புக்குச் சொல்லிடணும் இனேஸ்," என்றாள் கெஸ்லர் அம்மாள். "இதுக்கு மேல நான் தாமதிச்சா தப்பு."

அந்த நேரம் பார்த்து டெல்பினா மறுபடி கூப்பிட்டாள். சொன்னேன்.

"அந்தப் பொண்ணு வரட்டும் கொமாத்ரே," என்றாள். "டயர் கடை முகவரி குடுத்திருக்கான்னா எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? சீருடைக்காரன் வந்து நின்னா புள்ளையும் போச்சு, அவளும் போயிடுவா."

"கால்வாய் பக்கத்துல இருக்குடி! நான் என்னத்தச் சொல்ல அவங்ககிட்ட?"

"எனக்குத் தெரியல. இங்க என் புருஷன் வாயில குழாய் செருகியிருக்கு, நான் அவனுக்காக வேண்டல, அந்த வெளக்குக்காக வேண்டிக்கிட்டு இருக்கேன். எனக்கு ஒண்ணும் தெரியல."

பால்பண்ணைப் பையன் ஒருத்தன் அப்போது தோப்பின் கடைசியிலிருந்து ஓடிவந்தான். கால்வாய்க் கரை ஈர மண்ணில் சின்னக் காலடி பார்த்தேன் என்றான். போய்ப் பார்த்தோம். தோப்பிலிருந்து கரைக்குப் போகிற தடம். நடந்த தடமல்ல. விரல் பக்கம் ஆழமாகப் பதிந்திருந்தது, ஓடியிருக்கிறாள். எதிலிருந்து ஓடினாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். மைக்கில் இன்னும் உரக்கக் கூப்பிட்டேன்.

கெஸ்லர் அம்மாள் போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

*

கொட்டகை மேஸ்திரியின் வண்டி எட்டே முக்காலுக்கு வந்தது. அது முழுசாக நிற்பதற்குள் நெரெய்தா குதித்துவிட்டாள். தலையில் கொட்டகை வலை, மஞ்சள் ரப்பர் கவசம். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். தோப்பில் நாற்பது பேரைப் பார்த்ததும் ஒரு கணம் பின்வாங்கினாள், கால் தானாகப் பின்னால் போன மாதிரி. பிறகு நேராக என்னிடம் வந்தாள், என் கையில் மைக் இருந்ததால்.

"எங்க என் பொண்ணு?"

"தேடிக்கிட்டு இருக்கோம்மா. தோப்புல கையுறை கெடச்சுது. கரையில தடம் இருக்கு. இந்தம்மா ஷெரிப்புக்குப் போன் போடணும்ங்கிறாங்க, நீ வர்ற வரைக்கும் பொறுக்கச் சொன்னேன்..."

"போடுங்க! யாரைன்னாலும் கூப்பிடுங்க! எனக்கு என்ன ஆனா என்ன?" என்று கெஸ்லர் அம்மாள் பக்கம் திரும்பிக் கத்தினாள். கெஸ்லர் அம்மாள் போனோடு வண்டிப் பக்கம் போனாள். அப்போது தோப்புக்குள்ளிருந்து சர்தாரின் குரல் வந்தது. இட்ஸெல், இட்ஸெல். அதற்கு அப்பால் இன்னொருவர். நெரெய்தா அப்படியே நின்றாள்.

"பேர் சொல்லியா கூப்பிடுறீங்க?"

"ஆமா. ஏழேகால்லேருந்து தொண்ட கிழியக் கூப்பிடுறோம்."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். ஏன்?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களில் ஆரஞ்சு மெழுகு ஒட்டியிருந்தது.

"அவ வரமாட்டா," என்றாள். "நான்தான் சொல்லிக் குடுத்தேன். யாராவது வெளியேருந்து உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டா வாயத் தொறக்காத, ஒளிஞ்சுக்கோன்னு. நெறைய பேரு கூப்பிட்டா ஓடிடுன்னு. தெரிஞ்ச குரலா இருந்தாலும் சரி. என் குரலே உன் பேரச் சொன்னாலும் வராத, என்னப் புடிச்சு வெச்சுக்கிட்டுச் சொல்லச் சொல்றாங்கன்னு அர்த்தம்னு..."

என் கையிலிருந்த மைக்கைப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம். நல்ல மனசோடு நாற்பது பேர் சேர்ந்து, நான் முன்னால் நின்று, அந்தப் பிள்ளையை வரிசைகட்டிக் கால்வாய்க்கு விரட்டியிருக்கிறோம்.

"நிறுத்தச் சொல்லுங்க," என்றாள். "எல்லாரையும். நாயக்கூட."

வாண்டா ஓடினாள். வரிசை வரிசையாகச் சொல் போயிற்று. டிராக்டர் அணைந்தது. ஒருவர் பின் ஒருவராகக் குரல்கள் நின்றன. யாரோ நாயின் வாயைத் துண்டால் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் சொட்டுச் சத்தம் மட்டும்.

நெரெய்தா கரைமேல் ஏறினாள். நான் பின்னால் போனேன், வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. கீழே தண்ணீர் இருப்பது சத்தத்தில் மட்டும் தெரிந்தது. அவள் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குள், விளக்கை அணைத்துவிட்டு, காதோடு சொல்லிவைத்த ஒரு சொல், அதைக் கேட்டால் மட்டும் வெளியே வா என்று. அதை ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு நொடி அவள் முகத்தில் இருந்ததை நான் மறக்க மாட்டேன்.

"சப்புலின்," என்றாள். வெட்டுக்கிளி என்று அர்த்தம். குரல் எழவில்லை. மறுபடி, முழுக்குரலில், "சப்புலின்! சப்புலின்!"

ஒன்றுமில்லை. நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் சின்ன வயசில் படித்து மறந்த செபமெல்லாம் வாயில் வந்தது, ஒன்றும் முழுசாக வரவில்லை.

"சப்புலின்!"

"அம்மா, அவங்க போயிட்டாங்களா?"

காலடியிலிருந்து வந்த மாதிரி இருந்தது. மதகுக்குத் தண்ணீர் திருப்பும் சிமெண்டுத் தொட்டி, அதற்குள் இறங்கி, மதகுச் சக்கரத்தின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள் பால்காரி. ஒரு கையில் கையுறை இல்லை, அந்த விரல்கள் நீலம் பாரித்திருந்தன. முழங்கால் வரை தண்ணீர். அடுத்த அடி வைத்திருந்தால் கால்வாய்.

"கம்பத்தப் புடிச்சுக்கிட்டேன்," என்றாள். "வாண்டா சொன்ன மாதிரி."

தாய் குதித்துத் தூக்கினாள். நான் குனிந்து கை கொடுத்தேன். பிள்ளை என்னைப் பார்த்தாள். அப்புறம் என் இன்னொரு கையில் இருந்த மைக்கைப் பார்த்தாள். முகத்தைத் தாயின் கழுத்துக்குள் அழுத்திப் புதைத்துக்கொண்டாள்.

ஷெரிப் ஆபீஸிலிருந்து ஆள் வரப் பத்தரை ஆயிற்று. பனி. அதற்குள் பிள்ளை கிடைத்துவிட்டதென்று கெஸ்லர் அம்மாள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். தாய் எங்கே என்று அவன் கேட்டதற்கு, "வேலைக்குப் போயிட்டாங்க, வேலைய விட முடியுமா?" என்றாள். சமையலறையில் என் கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் தாயும் மகளும் கம்பளிக்குள் இருந்தார்கள். கெஸ்லர் அம்மாள் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை.

*

ரொஹேலியோ பிழைத்துக்கொண்டான். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரிச் சோற்றைத் திட்ட ஆரம்பித்தான். டெல்பினாதான் பிழைக்காதவள் மாதிரி ஆகிவிட்டாள். அடுத்த பனி நாளில் விளக்கைப் போட்டாள், கஞ்சி காய்ச்சினாள், ஜன்னலிலேயே நின்றாள். ஒரு காரும் மெதுவாகவில்லை. அதற்கடுத்த பனியிலும் இல்லை. விளக்கை நம்பாமல் பிள்ளைகளை மறுபடி பூட்டிவைத்துவிட்டுப் போகிறார்கள் என்று தெரிந்தது.

கெஸ்லர் அம்மாள் அவள் வீட்டுக்கே வந்தாள், நானும் இருந்தேன்.

"டெல்பினா, எனக்கு ஒரு பட்டியல் வேணும். இந்த வீட்டுக்கு எந்தப் புள்ள வருதுன்னு. இல்லேன்னா இத நான் கண்ணால பாத்துக்கிட்டே பாக்காத மாதிரி இருக்க முடியாது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"புள்ளையே வரல, பட்டியல் எதுக்கு?" என்றாள் டெல்பினா. கண்ணைத் துடைக்கவும் இல்லை. அந்த அம்மாளும் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி முதல் வாரம், பனி இல்லாத ஒரு சாயங்காலம், சிவப்புக் கார் வேலி ஓரம் நின்றது. நெரெய்தா இறங்கினாள். அந்த வீட்டில் ஒருவர் காரை அணைத்துவிட்டு இறங்கியது அதுவே முதல் தடவை. ஒரு தட்டு முட்டையைக் கொடுத்தாள்.

"டோன்யா, பழைய வார்த்தை ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. புதுசு வெச்சிருக்கோம்."

"அதுக்கு?"

"எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிஞ்சா போதாது. நான் கொட்டகையில இருப்பேன்."

டெல்பினாவின் காதுக்குள் குனிந்து சொன்னாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன், எனக்குக் கேட்கவில்லை. டெல்பினா கண்ணை மூடி, உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டாள், பழம் பார்க்கிற மாதிரி. நெரெய்தா போகும்போது என் பக்கம் தலையை ஆட்டினாள். என்மேல் அவளுக்குக் கோபம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வாரத்திலேயே மற்றவர்கள் வந்தார்கள். யெசேனியாவின் அம்மா, அப்புறம் ஒவ்வொருவராக. காரை அணைத்துவிட்டு இறங்கி, தாழ்வாரத்தில் ஏறி, குனிந்து காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். மொத்தம் பதினொன்று. கெஸ்லர் அம்மாள் மறுபடி வந்து, "பட்டியல்?" என்றாள்.

"இருக்கே," என்று டெல்பினா நெற்றியைத் தட்டிக் காட்டினாள். "பதினொரு புள்ளைங்க. காலையில எண்ணிக்கிட்டுத்தான் உள்ள விடுவேன். ஒண்ணு கொறஞ்சா உனக்குத்தான் மொதல் போன். விளக்க அணைக்கிறது ரொஹேலியோ பொறுப்பு, செத்தாலும் அணைச்சுட்டுத்தான் சாவணும்னு சொல்லிட்டேன்."

"இத நான் எந்தக் கோப்புல வைக்கிறது?"

"உன் வாளிக்குள்ள வை."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எல்லாம் சரியாயிற்று. எனக்கு மட்டும் சரியாகவில்லை. பால்காரி என் வரிசைக்கு வருவதில்லை. யெசேனியா இரண்டு தட்டு வாங்கிக்கொண்டு போவாள். நான் வழக்கம்போல, "அடுத்தது யாரு, நகருங்க" என்று கத்தினால், கூடத்தின் அந்தக் கோடியில் அவள் தோள் தூக்கிப் போடும். நான் கத்துவதை விட்டுவிட்டேன். பத்தொன்பது வருடத் தொண்டை. பிள்ளைகள் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள். பகிர்வு மேசையில் பால் மட்டும் தினமும் நேராக அடுக்கி இருக்கும். நான் கூடத்தைத் துடைக்கிற சாக்கில் அதைப் போய்ப் பார்ப்பேன்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, முதல் திட்டம். பேருந்து வந்து, எல்லோரும் சாப்பிட்டு முடிந்து, நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு தலை மட்டும் தெரிந்தது, பால்காரி. விரலை மடக்கி, குனி என்று சைகை செய்தாள். தலைவலையோடு, கையில் சோப்போடு குனிந்தேன். தடுப்பின் ஓரமாக எக்கி, என் காதில் ஒரு சொல் சொன்னாள். மூச்சில் பீன்ஸ் வாசனை.

"அம்மா சொல்லச் சொன்னாங்களா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தலையை இல்லையென்று ஆட்டினாள். "நானேதான். இனிமே அதச் சொல்லிக் கூப்பிடு. மைக்ல கூப்பிடாத."

பாலைக் கொண்டுபோய் மேசையில் நேராக வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

அது என்ன சொல் என்று வாண்டா கேட்டுப் பார்த்தாள், கெஸ்லர் அம்மாளும் கேட்டாள். டெல்பினாவுக்குத் தெரியும், அவளிடம்கூட நான் அதைப் பேசியதில்லை. பனி நாட்களில் கஞ்சியைக் கிளறும்போது வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன், அவசரத்தில் மறந்துவிடக் கூடாதே என்று.